ஹுன்னஸ்கிரியவிலிருந்து இரத்த வங்கி வரை: அவசர சிகிச்சையில் நிமிடங்களின் கணக்கு

கண்டியிலிருந்து மஹியங்கனைக்குப் போகும் ஏ26 வீதியில் தெல்தெனிய, மெதமஹநுவர தாண்டி மேலேறினால், ஏறக்குறைய பாதி வழியில் ஹுன்னஸ்கிரிய வரும். இங்கே இடப்பக்கம் பிரியும் சாலை லூல்வத்த ஊடாக நக்கிள்ஸ் மலைகளுக்குள் நுழைந்து மீமுரே வரை போகிறது. நேர்ச் சாலை உடதும்பறையைக் கடந்து, பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகளில் ஹசலக்கவுக்கு இறங்குகிறது. சுற்றிலும் தேயிலையும் மிளகும் ஏலமும் விளையும் சரிவுகள். மழைக்காலத்தில் பனிமூட்டமும் மண்சரிவு எச்சரிக்கையும் இங்கு வழக்கமான செய்திகள்.

இந்த வட்டாரத்தில் ஒருவருக்குப் பலமாக இரத்தம் போகத் தொடங்கினால் அருகில் இருப்பவை பிரதேச வைத்தியசாலைகளே. அங்கே மருத்துவரும் தாதியரும் மருந்தும் உண்டு. பெரிய சத்திரசிகிச்சைக்கு வழியில்லை. இலங்கையில் இரத்த வங்கி என்பது பொதுவாக ஆதார வைத்தியசாலை மட்டத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறது. ஆகவே மேற்கே தெல்தெனிய ஆதார வைத்தியசாலைக்கு இறங்க வேண்டும். காயம் பெரிதென்றால் கண்டி தேசிய வைத்தியசாலைவரை போக வேண்டும். விபத்து வளைவுகளின் கீழ்ப்பகுதியில் நடந்தால் மஹியங்கனை பக்கம். ஆனால் அது பதுளை மாவட்டம், ஊவா மாகாண நிர்வாகம். மேலே ஏறுவதா கீழே இறங்குவதா என்ற முடிவை வண்டி ஓட்டுபவரே நின்ற இடத்தில் எடுக்க வேண்டியிருக்கும்.

இரத்தம் கிடைக்காமல் ஒருவர் இறந்தார் என்றால், தானம் செய்ய ஆளில்லை என்றே பலரும் நினைத்துக்கொள்கிறோம். இலங்கையில் பிரச்சினையின் அந்தப் பாதி பெருமளவு தீர்ந்துவிட்டது. தீராதிருப்பது, குளிர்பெட்டியில் கிடக்கும் பைக்கும் நோயாளியின் நாளத்துக்கும் நடுவில் ஓடும் நேரம். மலைப்பகுதியில் அந்த நேரத்தைக் குறைக்க ஒவ்வோர் ஊரிலும் இரத்தத்தைக் கொண்டுபோய் வைக்கத் தேவையில்லை. நோயாளி வந்து சேருமுன்பே இரத்த வங்கியை வேலையில் இறக்குவதும், வழியில் போகும் இரத்தத்தைக் குறைப்பதும்தான் முதற் தேவை. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

கொடையாளர் பக்கம்

அறியாத ஒருவரின் இரத்தத்தை இன்னொருவருக்கு ஏற்றுவது பாதுகாப்பான சிகிச்சையாக மாற நெடுங்காலம் பிடித்தது. லண்டன் மகப்பேற்று மருத்துவர் ஜேம்ஸ் பிளண்டெல், பிரசவத்துக்குப் பின் இரத்தம் பெருகிய ஒரு பெண்ணுக்கு மனித இரத்தம் ஏற்றிப் பிழைக்கவைத்ததை 1829இல் எழுதி வெளியிட்டார். அப்போது இரத்த வகை என்ற ஒன்று இருப்பதே எவருக்கும் தெரியாது. 1901இல் கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் வகைகளைப் பிரித்துக் காட்டினார். 1914–15இல் சிட்ரேட் சேர்த்தால் இரத்தம் உறையாது என்பது உறுதியானது. 1917இல் ஆஸ்வால்ட் ராபர்ட்சன் பிரான்சின் போர்முனையில் ஓ வகை இரத்தத்தைப் பனிக்கட்டியில் சேமித்துவைத்து ஏற்றினார். வகை, உறையாமை, சேமிப்பு ஆகிய மூன்றும் கைகூடிய பிறகே இரத்த வங்கி பிறந்தது. அவசர சிகிச்சையில்தான் இந்த வித்தை முதலில் தேவைப்பட்டது என்பதை இந்த வரலாறே சொல்கிறது: முதலில் பிரசவம், பிறகு போர்க்காயம்.

இலங்கையில் முன்பெல்லாம் உறவினர் ஒருவர் இரத்தம் கொடுத்தால்தான் நோயாளிக்கு இரத்தம் என்ற நடைமுறை இருந்தது. நோயாளியைக் காக்க ஓடிவந்தவர்களே கொடையாளரையும் தேடி அலைய வேண்டும். நாரஹேன்பிட்டியில் தேசிய இரத்த மையத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய இரத்த மாற்றுச் சேவை இந்த வழக்கத்தைப் படிப்படியாகக் கைவிட்டது. 2014இல் முழுக்க முழுக்க ஊதியம் பெறாத தன்னார்வக் கொடையாளரின் இரத்தம் என்ற நிலையை நாடு எட்டியது. அதே ஆண்டு ஜூன் 14ஆம் திகதி உலகக் குருதிக் கொடையாளர் தினம் கொழும்பில் நடந்தது. தாய்மாரைக் காக்கப் பாதுகாப்பான இரத்தம் என்பதே அவ்வாண்டின் கருப்பொருள். இன்று ஆண்டுக்கு நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட பைகள் சேர்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பங்கு விகாரைகளிலும் பாடசாலைகளிலும் தொழிலிடங்களிலும் நடக்கும் நடமாடும் முகாம்களிலிருந்து வருகிறது. ஒவ்வொரு பையும் எச்ஐவி, இருவகை ஈரல் அழற்சிக் கிருமிகள், சிபிலிஸ், மலேரியா ஆகியவற்றுக்குச் சோதிக்கப்படுகிறது.

அண்டை நாட்டோடு ஒப்பிட்டால் இதன் பெறுமதி விளங்கும். இந்தியாவில் உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடர்ந்து 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு இரத்தம் விற்பது தடைசெய்யப்பட்டது. ஆனால் உறவினரைக் கொடுக்கச் சொல்லும் பழக்கம் பல மாநிலங்களில் இன்னமும் போகவில்லை.

பேரழிவு நேரங்களில் இன்னொரு பாடமும் தெரிகிறது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பிறகு மக்கள் இரத்தம் கொடுக்க வரிசையில் நின்றார்கள். அந்த மனம் பெரிது. ஆனால் எடுத்த இரத்தத்தைச் சோதித்து, கூறுகளாகப் பிரித்து, அலுமாரியில் வைக்க மணிக்கணக்கு ஆகும். காயப்பட்டவரைக் காப்பது அந்தக் காலையில் ஏற்கெனவே அலுமாரியில் இருந்த பை. வாராவாரம் நடக்கும் சாதாரண முகாம்தான் அவசரகாலத்தின் இரத்த வங்கி.

உடல் போடும் கணக்கு

வளர்ந்த ஒருவரின் உடலில் எடைக் கிலோ ஒன்றுக்கு 65 முதல் 70 மில்லிலீற்றர் இரத்தம் இருக்கும். 70 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ ஐந்து லீற்றர். 45 கிலோ எடையுள்ள ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு மூன்று லீற்றர்தான். இருவருமே ஒன்றரை லீற்றர் இழந்தால், முதலாமவர் முப்பது சதவீதத்தை இழந்து தடுமாறுவார்; இரண்டாமவரோ பாதியை இழந்து சாவின் விளிம்பில் நிற்பார். அவருக்கு இரத்தசோகையும் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஹீமோகுளோபின் 13 உள்ளவரின் இழப்பும் 8 உள்ளவரின் இழப்பும் ஒன்றல்ல. தோட்டப்புறப் பெண்களின் இரத்தசோகை நெடுங்காலமாகப் பேசப்படும் பொதுச்சுகாதாரப் பிரச்சினை. அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அது வேறொரு முகத்தைக் காட்டுகிறது.

இரத்தம் போகும்போது ஒட்சிசன் குறைவதோடு கதை முடிவதில்லை. உடல் குளிர்கிறது, திசுக்களில் அமிலம் சேர்கிறது, உறைதிறன் குலைகிறது. இம்மூன்றும் ஒன்றையொன்று வளர்த்துக்கொள்ளும். குளிர்ந்த உடலில் உறைவுப் புரதங்கள் மந்தமாகும், அதனால் மேலும் இரத்தம் போகும், மேலும் குளிரும். மழையில் நனைந்து பள்ளத்தில் கிடந்தவரை ஈரத் துணியோடு வண்டியில் ஏற்றினால் இந்தச் சுழல் வைத்தியசாலை வாசலுக்கு முன்பே தொடங்கிவிடும். ஈரத் துணியைக் களைந்து, உலர்ந்த கம்பளியால் போர்த்துவது முதலுதவி மட்டுமல்ல, இரத்த சிகிச்சையும்தான்.

இரத்த அழுத்தம் விழுந்ததும் சேலைன் பையை முழுவேகத்தில் திறந்துவிடுவது பழைய வழக்கம். சேலைன் ஒட்சிசனைச் சுமக்காது, உறையவும் உதவாது. இருக்கும் இரத்தத்தை நீர்க்கச்செய்து, அப்போதுதான் உருவான உறைகட்டியைத் தள்ளிவிடவும் கூடும். ஆகவே தலைக்காயம் இல்லாதவருக்கு, இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும்வரை மணிக்கட்டு நாடி தெரியும் அளவு அழுத்தமே போதும் என்று இப்போது அளவாகத்தான் திரவம் கொடுக்கிறார்கள்.

இரத்த வங்கியின் ஜன்னலில்

பிளட் பேங்க் ஜன்னலுக்குச் சீட்டும் மாதிரிக் குழாயும் போய்ச் சேர்ந்தபின் என்ன நடக்கிறது என்று வெளியே காத்திருப்பவருக்குத் தெரிவதில்லை. ரத்தம் ஏத்தணும்னாங்க, இன்னும் ஏத்தலையே என்ற தவிப்பு மட்டும் இருக்கும்.

உள்ளே முதலில் வகை பார்க்கிறார்கள்: ஏ, பி, ஏபி, ஓ, பிறகு ஆர்எச். இதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம். அடுத்து, நோயாளியின் சீரத்தில் எதிர்பாராத எதிர்ப்புப் பொருள்கள் உண்டா என்று தேடி, கொடையாளரின் செவ்வணுக்களோடு சேர்த்துப் பார்க்கும் பொருத்தப் பரிசோதனை. முழுமையாகச் செய்தால் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். உறைநிலையில் இருக்கும் பிளாஸ்மாவை 37 பாகையில் இளக்க இருபது முப்பது நிமிடம். இரத்தத் தட்டணுக்கள் அறை வெப்பத்தில் ஆட்டிக்கொண்டே வைக்கப்படுபவை. ஆயுள் ஐந்து நாள் என்பதால் எல்லா வங்கியிலும் கையிருப்பு இருக்காது.

நேரமில்லை என்றால் வகை மட்டும் பார்த்து அதே வகையைக் கொடுக்கலாம். அதற்கும் நேரமில்லை என்றால் ஓ வகை. ஓ நெகட்டிவ்தான் எல்லோருக்கும் என்ற நம்பிக்கை இங்கே நடைமுறையில் இடிக்கிறது. இலங்கையரில் ஆர்எச் நெகட்டிவ் உள்ளவர் நூற்றுக்கு ஐந்தாறு பேர். அவர்களில் பாதிக்கும் சற்றுக் குறைவானவரே ஓ. ஆக, நூறு கொடையாளரில் ஓ நெகட்டிவ் இருவரோ மூவரோதான். எனவே அதைப் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கும் சிறுமியருக்கும் ஒதுக்கி, ஆண்களுக்கு அவசரத்தில் ஓ பொசிட்டிவ் கொடுப்பதே உலகெங்கும் பரவிவரும் முறை. ஆணுக்கு அதனால் உடனடித் தீங்கு வருவது அரிது. பெண்ணுக்கோ பின்னாளில் கருவுக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் உருவாகும் அபாயம் உண்டு.

விரைவு எவ்வளவு முக்கியமோ, ஆளை அடையாளம் காண்பது அதைவிட முக்கியம். பொருந்தாத இரத்தத்தால் நேரும் சாவுகளில் பெரும்பாலானவற்றின் மூலம் ஆய்வுகூடத் தவறு அன்று. தவறான ஆளிடமிருந்து மாதிரி எடுத்ததோ, தவறான குழாயில் பெயர் எழுதியதோ, தவறான கட்டிலில் பையை மாட்டியதோதான். இதனால் இரண்டு பேர் தனித்தனியாகப் பையின் இலக்கத்தையும் வகையையும் காலாவதித் திகதியையும், நோயாளியின் பெயரையும் பெட் ஹெட் டிக்கெட் இலக்கத்தையும் வாசித்து ஒப்பிட வேண்டும் என்பது விதி. நினைவோடு இருப்பவரிடம், நீங்கள் இன்னாரா என்று கேட்கக் கூடாது. பதற்றத்தில் எவரும் ஆமென்று தலையாட்டுவார். உங்கள் பெயர் என்ன என்று கேட்டு அவர் வாயால் சொல்லவைக்க வேண்டும்.

ஹுன்னஸ்கிரியப் பக்கம் இதில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. தோட்டத்திலிருந்து ஒரே வானில் வந்த நான்கைந்து பேர் ஒன்றாக அடிபட்டு வந்தால், ஒரே தகப்பன் பெயரின் முதலெழுத்து, ஒன்றையொன்று ஒத்த பெயர்கள், தமிழில் சொன்னதைச் சிங்களத்திலும் ஆங்கில எழுத்திலும் ஆளுக்கொரு விதமாக எழுதிய சீட்டுகள். பெயரை நம்பினால் பிழை நேரும். வாசலிலேயே கையில் கட்டும் இலக்கப் பட்டியும், அந்த இலக்கத்தையே குழாயிலும் சீட்டிலும் எழுதுவதும், நோயாளியின் மொழியில் ஒரு வாக்கியம் கேட்கத் தெரிந்த ஊழியரும் இங்கே பாதுகாப்புக் கருவிகள். இவற்றுக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

முதல் பதினைந்து நிமிடம் நோயாளியை விட்டு நகரக் கூடாது என்பது அடுத்த விதி. குளிர்நடுக்கம், முதுகுவலி, மூச்சுத் திணறல், சிறுநீர் சிவத்தல் என்று ஏதேனும் தெரிந்தால் முதலில் குழாயை மூட வேண்டும். காரணத்தைத் தேடுவது அதற்குப் பிறகு.

ஆய்வுகள் சொல்வது

2010 முதல் அவசர இரத்தமேற்றலைப் பற்றிப் பெரிய ஆய்வுகள் பல வந்தன. மலைச்சாலையில் நிற்பவருக்கு அவற்றில் ஐந்து முக்கியம்.

முதலாவது, 2010இல் வெளியான கிராஷ்-2. நாற்பது நாடுகளில் 274 வைத்தியசாலைகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட காயப்பட்டோருக்கு டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மலிவான மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். உறைகட்டி கரைவதைத் தடுக்கும் மருந்து அது. எல்லாக் காரணத்தாலுமான இறப்பு 16 சதவீதத்திலிருந்து 14.5 சதவீதமாகக் குறைந்தது. அடுத்த ஆண்டு வந்த மேலதிகப் பகுப்பாய்வு இன்னும் கூர்மையானது: முதல் ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தால் இரத்தப்போக்கால் இறக்கும் அபாயம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது; மூன்று மணி நேரம் கடந்து கொடுத்தால் தீங்குதான் மிஞ்சியது. இந்த மருந்துக்குக் குளிர்பெட்டி தேவையில்லை. பிரதேச வைத்தியசாலையின் அலுமாரியில் வைத்து, நோயாளியை அனுப்புமுன் ஏற்றி, ஏற்றிய நேரத்தைச் சீட்டில் எழுதிவிடலாம்.

இரண்டாவது, 2015இல் வந்த புராப்பர். பலமாக இரத்தம் போகும் 680 பேரை வைத்து, பிளாஸ்மா, தட்டணு, செவ்வணு மூன்றையும் சம விகிதத்தில் கொடுப்பதையும் செவ்வணுவை இரட்டிப்பாகக் கொடுப்பதையும் ஒப்பிட்டார்கள். 24 மணி நேரத்திலோ முப்பது நாளிலோ மொத்த இறப்பில் உறுதியான வேறுபாடு இல்லை. ஆனால் முதல் நாளில் இரத்தம் வடிந்தே இறந்தவர்கள் சமவிகிதக் குழுவில் 9.2 சதவீதம், மற்றதில் 14.6 சதவீதம். இதே தரவுகளை 2017இல் மறுபடி அலசியபோது, பெருமளவு இரத்தமேற்றலுக்கான அழைப்பு விடுத்ததிலிருந்து முதற் பெட்டி வந்து சேரும்வரை தாமதமான ஒவ்வொரு நிமிடத்துக்கும் இறக்கும் வாய்ப்பு ஐந்து சதவீதம் கூடியது தெரிந்தது. விகிதத்தைவிட நிமிடத்துக்கே அதிக வலு என்று இதைப் படிக்கலாம்.

மற்ற மூன்றும் வைத்தியசாலைக்கு வெளியே இரத்தம் கொடுப்பதைப் பற்றியவை. 2018இல் வந்த அமெரிக்க ஆய்வு, ஹெலிகொப்டரில் வரும் காயப்பட்டோருக்கு வழியிலேயே பிளாஸ்மா கொடுத்தபோது முப்பது நாள் இறப்பு 33 சதவீதத்திலிருந்து 23 சதவீதமாகக் குறைந்ததைக் காட்டியது. அதே ஆண்டு டென்வர் நகரில், வைத்தியசாலைக்குச் சில நிமிடமே எடுக்கும் இடத்தில் செய்தபோது பயன் எதுவும் தெரியவில்லை. பயணம் இருபது நிமிடத்துக்கு மேல் போனால்தான் பிளாஸ்மா உதவுகிறது என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். 2022இல் இங்கிலாந்தின் ரீஃபில் ஆய்வோ, வழியில் செவ்வணுவும் உலர்பிளாஸ்மாவும் கொடுத்தது சேலைனைவிட மேல் என்று நிறுவ முடியாமல் முடிந்தது.

ஆக, அம்பியூலன்சில் இரத்தம் வைத்தால் எல்லாம் சரியாகும் என்று அடித்துச் சொல்ல ஆதாரம் இல்லை. தூரம் கூடினால் பயன் கூடலாம் என்பதற்குச் சான்று உண்டு. ஹுன்னஸ்கிரிய அந்தத் தூரப் பக்கத்தில்தான் இருக்கிறது.

மூன்று நோயாளிகள்

இந்த மலைகளில் இரத்தம் போகும் நோயாளி ஒரே மாதிரியானவர் அல்லர். வீதி விபத்தில் அடிபட்டவருக்கு வேண்டியது விரைவான சத்திரசிகிச்சையும், அதுவரை தாக்குப்பிடிக்க இரத்தமும்.

பிரசவத்தில் இரத்தம் பெருகும் தாய்க்கு நேரம் அதைவிடக் குறைவு. நிறைமாதத்தில் கருப்பைக்குள் நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லிலீற்றர் இரத்தம் பாய்கிறது. கருப்பை சுருங்காவிட்டால் சில நிமிடத்தில் லீற்றர் கணக்கில் போய்விடும். இலங்கையில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலையில் நடப்பதற்கும், தாய்மார் இறப்பு வீதம் தெற்காசியாவில் மிகக் குறைந்தவற்றுள் ஒன்றாக இருப்பதற்கும் குடும்ப நல மாதர் வீடுவீடாகச் செய்த வேலை ஒரு முக்கிய காரணம். கர்ப்பிணியின் இரத்த வகையையும் ஹீமோகுளோபினையும் முன்கூட்டியே பதிவுசெய்வதும், அபாயம் உள்ளவரை இரத்த வங்கி உள்ள இடத்துக்கு நாள் நெருங்குமுன் அனுப்புவதும் அந்த வேலையின் பகுதி. 2023இல் நான்கு ஆபிரிக்க நாடுகளின் எண்பது வைத்தியசாலைகளில் நடந்த இ-மோட்டிவ் ஆய்வு இதற்கு இன்னொன்றைச் சேர்த்தது. போகும் இரத்தத்தைக் கண்ணால் மதிப்பிடாமல் அளவுகோடிட்ட விரிப்பில் சேர்த்து அளந்து, எல்லையைத் தொட்டதும் எல்லாச் சிகிச்சையையும் ஒருசேரத் தொடங்கினால் கடும் இரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் அறுபது சதவீதம் குறைந்தன. இரத்தம் போவது குறைந்தால் ஏற்றவேண்டிய தேவையும் குறையும்.

மூன்றாமவருக்கு இரத்தம் தேவையே இல்லாமல் இருக்கலாம். 2017இல் இலங்கையில் 186,101 பேர் டெங்குச் சந்தேக நோயாளிகளாகப் பதிவானார்கள். தட்டணு எண்ணிக்கை விழுந்ததும் தட்டணு ஏற்றச் சொல்லி உறவினர் கெஞ்சுவது எல்லா வார்டிலும் நடப்பதுதான். இரத்தப்போக்கு இல்லாதவருக்குத் தட்டணு ஏற்றுவதால் பயனில்லை, பக்கவிளைவுதான் கூடுகிறது என்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்த ஆய்வு அதே ஆண்டு காட்டியது. உள்ளே மறைவாக இரத்தம் போகும் டெங்கு அதிர்ச்சிநிலையில் மட்டும் இரத்தம் உயிர்காக்கும். கண்ணாடி விரியன் கடியிலும் இப்படித்தான். உறைதிறன் குலைந்த நோயாளிக்கு விஷமுறிவு மருந்தே சிகிச்சை. அதோடு பிளாஸ்மாவையும் சேர்த்துப் பார்த்த இலங்கை ஆய்வு ஒன்றில் உறைதிறன் விரைந்து மீளவில்லை. தோட்டங்களில் அதிகம் கடிக்கும், மூக்கு நுனி மேல்வளைந்த குழிவிரியனான பொலன் தெலிஸ்ஸாவுக்கோ நாட்டில் தனி விஷமுறிவு மருந்து இல்லை. ஆறுதலுக்காகப் பிளாஸ்மா ஏற்றும் ஆசை அங்கே இன்னும் பலமாக இருக்கும். தேவையில்லாத இடத்தில் ஏற்றாமல் காத்த பை, வளைவில் உருண்ட வானிலிருந்து வருபவருக்கு மிஞ்சும்.

தூரத்தைக் கடக்க நான்கு வழிகள்

சிறு வைத்தியசாலைகளில் சில ஓ வகைப் பைகளை வைப்பது ஒரு வழி. இந்தியா 2001இல் சட்ட விதியைத் தளர்த்தி, தாய் வங்கியிலிருந்து பெற்ற இரத்தத்தை வைத்து ஏற்றும் சேமிப்பு நிலையங்களை அனுமதித்தது. செவ்வணுப் பையின் ஆயுள், கலந்திருக்கும் கரைசலைப் பொறுத்து 35 அல்லது 42 நாள். வெப்பம் 2 முதல் 6 பாகைக்குள் இருக்க வேண்டும். அதற்கு எச்சரிக்கை மணியுள்ள குளிர்பெட்டி, மின்வெட்டுக்கு ஜெனரேட்டர், இரவிலும் பயிற்சிபெற்ற ஒருவர் வேண்டும். எப்போதாவது ஒரு தடவை தேவைப்படும் இடத்தில் பைகள் காலாவதியாகும். அவற்றை முன்கூட்டியே பெரிய வைத்தியசாலைக்குச் சுழற்சியில் திருப்பியனுப்பும் ஒழுங்கு இல்லாவிட்டால் கொடையாளரின் இரத்தம் வீண்.

சேமிப்பே இல்லாமல், பக்கத்தில் நிற்பவரிடமிருந்து எடுத்து அப்போதே ஏற்றுவது இன்னொரு வழி. இந்தியாவின் கிராமப்புற சத்திரசிகிச்சையாளர்கள் இதற்கு அனுமதி கேட்டு வாதாடி வருகிறார்கள். வேறு வழியே இல்லாத இடத்தில் அந்த வாதத்துக்கு நியாயம் உண்டு. தன்னார்வக் கொடையையும் முழுச் சோதனையையும் பாடுபட்டுக் கட்டிய இலங்கைக்கு அது பின்னோக்கிய நடை.

ட்ரோன் மூன்றாவது வழி. மலைநாடான ருவாண்டாவில் 2016 முதல் இரத்தம் ட்ரோனில் போகிறது. அதைப் பற்றி 2022இல் வந்த ஆய்வின்படி ஒரு விநியோகத்துக்குச் சராசரி 50 நிமிடம். வீதிவழியைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேல் மிச்சம். காலாவதியாகும் பைகளும் 67 சதவீதம் குறைந்தன. நக்கிள்ஸ் மலைகளின் காற்றும் மூடுபனியும் வேறு சோதனை. அதோடு, கண்டியிலிருந்து பை பறந்து வந்தாலும் அதை ஏற்ற வேண்டியவர் சத்திரசிகிச்சைக்காகக் கண்டிக்குத்தான் போயாக வேண்டும்.

நான்காவது வழி தொலைபேசி. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி நாடு முழுதும் விரிந்த 1990 சுவசெரிய இலவச அம்பியூலன்சில் பயிற்சிபெற்ற உதவியாளர் இருக்கிறார். இரத்தப் பை இல்லை. ஆனால் வண்டி மலையிறங்கும் நேரம் முழுதும் இரத்த வங்கிக்குக் கிடைக்கும் வேலைநேரம். நாடி 120க்கு மேல், அழுத்தம் 90க்குக் கீழ், வயிறு உப்பியிருக்கிறது, பெண், வயது முப்பது, வர முக்கால் மணி ஆகும் என்ற ஒரு தகவல் போதும். கர்ப்பிணியானால் கையேட்டில் இருக்கும் வகையையும் சொல்லலாம்; மறுபடி சோதித்து உறுதிசெய்யாமல் அதை வைத்து மட்டும் ஏற்றக் கூடாது, ஆயத்தத்துக்கு அது உதவும். வங்கி பிளாஸ்மாவை இளக்கத் தொடங்கும், ஓ பைகளை எடுத்துவைக்கும், பையைச் சூடாக்கும் கருவி விழிக்கும், சத்திரசிகிச்சைக் கூடம் தயாராகும். பிரதேச வைத்தியசாலையில் டிரானெக்ஸாமிக் அமிலம் ஏற்றும்போதே, விதிப்படி பெயரும் இலக்கமும் எழுதிய மாதிரிக் குழாய் ஒன்றையும் எடுத்து வண்டியிலேயே அனுப்பிவிட்டால், சேலைன் கலக்காத முதல் மாதிரி கையில் இருக்கும்.

முதல் வழிக்கும் ஓர் இடம் உண்டு. அது பருவத்தோடு சேர்ந்தது. தேசிய கட்டிட ஆய்வு நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மண்சரிவு எச்சரிக்கை விடுக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வீசியபோது மலைச்சாலைகள் அறுந்தன. மிகப் பெரிய இழப்பைச் சந்தித்த மாவட்டங்களுள் கண்டியும் ஒன்று. சாலை அறுந்தால் தொலைபேசி அழைப்பு எவ்வளவு முன்னதாக வந்தாலும் நோயாளி இறங்க முடியாது. ஆகவே எச்சரிக்கை செம்மஞ்சளைத் தொட்டதும் சில ஓ பைகளையும் அவற்றைக் கையாளத் தெரிந்த ஒருவரையும் மேலே அனுப்பி, எச்சரிக்கை நீங்கியதும் திருப்பி எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு ஆண்டு முழுதும் வைத்திருப்பதைவிடச் சிக்கனமானது. ஊவா மாகாணத்தோடும் பேசி, வளைவுகளில் அடிபடுபவர் எந்தப் பக்கம் போவது என்பதை மழை வருமுன்பே எழுதிவைத்துவிடலாம்.

அளந்தால்தான் குறையும்

இலங்கை இரத்தச் சேவையின் வெற்றியை நாம் பைகளின் எண்ணிக்கையில் சொல்லிப் பழகிவிட்டோம். எத்தனை முகாம், எத்தனை பை, எத்தனை சதவீதம் தன்னார்வம். ஹுன்னஸ்கிரியவுக்குத் தேவை வேறு அளவை. காயப்பட்ட நேரம், முதல் வைத்தியசாலையை அடைந்த நேரம், டிரானெக்ஸாமிக் அமிலம் ஏறிய நேரம், இரத்த வங்கிக்கு அழைப்பு போன நேரம், முதற் பை ஓடத் தொடங்கிய நேரம் என்று ஐந்து நேரங்களைப் பெட் ஹெட் டிக்கெட்டின் முதற் பக்கத்தில் எழுதினால் போதும். பிரதேச வைத்தியசாலை மருத்துவரும், ஆதார வைத்தியசாலையின் இரத்த வங்கிப் பொறுப்பாளரும், சுவசெரிய ஊழியரும் மாதம் ஒருமுறை ஒன்றாக அமர்ந்து அந்தச் சீட்டுகளைப் படித்தால், எந்த நிமிடம் எங்கே போனது என்று தெரிந்துவிடும். அதில் சாலையின் பங்கு எவ்வளவு, நம் பங்கு எவ்வளவு என்பதும் தெரியும். சாலையை நாளைக்கே நேராக்க முடியாது. அழைப்பை முக்கால் மணி நேரம் முன்னதாகவே எடுக்க இன்றைக்கே முடியும். அதற்குப் புதுக் கட்டடமோ வெளிநாட்டுக் கடனோ வேண்டியதில்லை.